இதுக்குப் பேர் நல்லிணக்கமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காசவளநாடு புதூரில் இந்துக்கள் மொகரம் கொண்டாடுவது பற்றி நீங்கள் போட்டிருந்த செய்தியைப் படித்தேன். படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தலைப்புதான் உறுத்தியது: 'மத நல்லிணக்கத்துக்கு எடுத்துக்காட்டு'. இதுபோன்ற செய்தி எந்த ஊரிலிருந்து வந்தாலும் இதே தலைப்புதான் போடுகிறீர்கள்.

தஞ்சாவூர்ப் பக்கத்து அந்த ஊரில் பெரும்பாலோர் இந்துக்கள். உள்ளங்கை உருவத்துக்குப் பூமாலை சாத்தி வீதி வீதியாகத் தூக்கி வருவார்கள். தீமிதியும் உண்டு. அவர்களுக்கு அது அல்லா சாமி. குலதெய்வத்துக்குச் செய்வது போல இதையும் செய்கிறார்கள். யாரோடும் இணங்கிப் போவதற்காகத் தீ மிதிப்பதாக அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாகூர் தர்காவிலும் அப்படித்தான். அங்கே 131 அடி உயரப் பெரிய மனோரா என்கிற கோபுரத்தைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்கு வந்து மொட்டை போட்டுக்கொள்கிற இந்துக் குடும்பங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது வேண்டிக்கொண்டதைத் தீர்க்க வருகின்றன. கேட்டால், "தாயா பிள்ளையா பழகுறோம், இதுல என்ன இருக்கு?" என்பார்கள்.

நல்லிணக்கம் என்றாலே முன்னால் ஒரு பிணக்கு இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. இலங்கையில் போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், அரசு அமைத்த ஆணைக்குழுவின் பெயரிலேயே 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்பதோடு 'நல்லிணக்கம்' இருந்தது. அது நன்றாக நடந்ததா என்பது வேறு பேச்சு. ஆனால் அந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பழகிய ஒருவர் உங்கள் தலைப்பைப் பார்த்தால், புதூரில் என்ன கலவரம் என்றல்லவா கேட்பார்?

சரி, சொல்லே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேர் இந்தத் தெருவில் வரலாமா, கூடாதா என்று இரண்டு தரப்பும் முறைத்துக்கொண்டு நிற்கும். தாசில்தார் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். ராத்திரி வரை இழுத்து, ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள். அந்தச் சொல் போக வேண்டிய இடம் அதுதான். அதையோ நீங்கள் உள்பக்கத்தில் நாலு வரியில், 'சுமுகத் தீர்வு' என்று முடித்துவிடுகிறீர்கள். யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், முதலில் இறங்கி வந்தது யார், மறுவருஷம் அந்த ஒப்பந்தம் நின்றதா என்று ஒரு வரியும் வருவதில்லை. அடுத்த திருவிழாவுக்கு அப்படி ஓர் ஊருக்கு நிருபரை அனுப்பி, அதை அரைப் பக்கத்துக்கு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்