அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எங்கள் கத்தோலிக்கக் கோயில் வாசலில் டீ குடிக்கும்போது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டம் பற்றி ஒரே வாக்குவாதம். குழந்தைக்கு நடந்த கொடுமையைப் பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவங்களை ரகசியமாகச் சொல்லி மன்னிப்புப் பெறும் சடங்கில்) கேட்டிருந்தாலும் குருக்கள் புகார் தர வேண்டும் என்று 2025 மே மாதம் அங்கே சட்டம் போட்டார்கள். அமலுக்கு வருமுன்பே ஜூலையில் நீதிமன்றம் பாவசங்கீர்த்தனத்துக்கு அதைத் தடுத்துவிட்டது. “நல்ல வேளை, நம்ம நாட்டில் இதெல்லாம் வராது” என்றார் ஒரு பெரியவர்.

வந்து பல வருஷமாகிறது ஐயா. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. குருக்களுக்கு அதில் விலக்கு இல்லை. திருச்சபைச் சட்டமோ, பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளியிடும் குரு அந்தக் கணமே சபைக்குப் புறம்பு என்கிறது. இந்த முடிச்சை வக்கீல்களும் ஆயர்களும் அவிழ்க்கட்டும்.

நான் 22 வருஷம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்தியவள். பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராகும் படிகளை ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை என்று விரல் மடக்கிச் சொல்ல வைப்பேன். போக்சோ வருவதற்கு முந்தைய ஒரு வருஷம், ஒரு பெண்பிள்ளை கை தூக்கி, “டீச்சர், வேற ஒருத்தர் நமக்குச் செஞ்சது நம்ம பாவமா?” என்று கேட்டது. மறுநாள் ஒத்திகை. வெள்ளைக் கவுன், மெழுகுவர்த்திக் கணக்கு என்று என் தலை சுற்றிக்கொண்டிருந்தது. “எல்லாத்தையும் பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட சொல்லிடு” என்றேன், சாமி என்று குருவைத்தான் சொன்னேன். அப்புறம் அந்தப் பிள்ளை கை தூக்கவே இல்லை. என்ன சொல்ல வந்தது என்று நானும் கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தன ரகசிய முத்திரை குருவின் வாய்க்குத்தான். என் வாயை யாரும் கட்டவில்லை. அவருக்கும்கூட வழி இருக்கிறது: அப்படிக் கொடுமைக்கு ஆளான ஒருவர் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தால் அவருடைய உரிமையையும், எங்கே புகார் செய்யலாம் என்பதையும் குரு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2019இல் வத்திக்கான் வெளியிட்ட குறிப்பே சொல்கிறது. “இது உன் பாவம் இல்லம்மா, வெளியே போய் டீச்சரிடம் சொல்” என்று ஒரு வார்த்தை போதும்.

பாவசங்கீர்த்தன நேரம் எழுதிய பலகைக்குப் பக்கத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒட்டலாமா என்று பங்குக் கூட்டத்தில் கேட்டேன். திருவிழா நேரத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்றார்கள். சரி, திருவிழா முடிந்துவிட்டது. மறுபடியும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மறைக்கல்வி ஆசிரியை,
லிங்கராஜபுரம், பெங்களூரு