1987 இல் நடந்த திருமணம் எங்கே போயிற்று?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்பைடர்மேன் பற்றி நீங்கள் வெளியிட்ட சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். படங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், இத்தகைய நாயகர்களின் கதைக்கு முடிவு கேட்பவர்கள் இந்தக் கலையின் இயல்பையே அறியாதவர்கள் என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. போகிற போக்கில் எழுதப்பட்ட வரியாக இருக்கலாம். என்னால் அதைப் போகிற போக்கில் படிக்க முடியவில்லை. நான் முடிவு கேட்கிறவன். பள்ளி நாள்களிலிருந்து இந்தக் கதைகளைப் படித்து வருகிறவனும்கூட.

இயல்பு என்று கட்டுரையாளர் எதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. 1962 இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அறிமுகம் செய்தபோது, முகமூடிக்குள் ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன். 1965 இல் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போனான். 1978 இல் பட்டமளிப்பு விழா வந்தது. 1987 இல் மேரி ஜேனை மணந்தான். அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில் நடிகர்களை மணமக்களாக நிறுத்தி, ஸ்டான் லீயே முன்னின்று அந்தத் திருமணத்தை நடத்திவைத்தார். இவையெல்லாம் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. கதை நடந்துகொண்டிருந்தது, நாயகனுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது என்பதைத்தான் நினைவூட்டுகிறேன். அவனை அப்படி வளர்த்தவர்கள் அவனைப் படைத்தவர்கள். வளரவிடாமல் நிறுத்தியவர்கள் பின்னால் வந்தவர்கள். இதில் இயல்பை அறியாதவர்கள் யார்?

முன்பு நடந்தது பின்னால் வரும் கதையிலும் நிற்க வேண்டும் என்ற தொடர்ச்சியைப் பற்றிக் கவலைப்படுவது கணக்குப்பிள்ளை வேலை என்றும் கட்டுரையில் ஒரு குறிப்பு இருக்கிறது. 1973 இல் வந்த ஸ்பைடர்மேன் தொடரின் 121 ஆவது இதழைக் கட்டுரையாளர் எடுத்துப் பார்க்க வேண்டும். பாலத்தின் உச்சியிலிருந்து பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசி விழுகிறாள். பீட்டர் வீசிய வலை அவள் காலைப் பிடிக்கிறது. அவன் காப்பாற்றிவிட்டதாக நினைக்கிறான். அதே கட்டத்தில் அவள் கழுத்துக்குப் பக்கத்தில், கவனிக்காமல் விட்டுவிடக்கூடிய அளவில், முறியும் ஓசையைக் குறிக்கும் சிறிய எழுத்துகள். அவளைக் கொன்றது வீழ்ச்சியா, வலையா என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். சில இதழ்கள் கழித்துக் கடிதப் பகுதியில் பதில் வந்தது: வலை சட்டென்று நிறுத்திய அதிர்ச்சியில்தான் அவள் இறந்தாள் என்று. வாசகனின் கேள்விக்கு ஆசிரியர் குழு அப்படி முகம் கொடுத்துப் பதில் சொன்ன காலம் அது. பிறகு பல இதழ்கள் கடிதப் பகுதியையே நிறுத்திவிட்டன. அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு படித்தவர்களுக்கு, அதற்குப் பிறகு அவன் வலை வீசும் ஒவ்வொரு காட்சியும் வேறு கனத்தோடு வந்தது. தொடர்ச்சி என்று நாங்கள் சொல்வது அந்தக் கனத்தை.

இப்போது எனக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். 1995 இல் வந்த 400 ஆவது இதழில், பீட்டரை வளர்த்த பெரியம்மாவான ஆன்ட் மே இறக்கிறார். ஜே. எம். டிமாட்டைஸ் எழுதியது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளத்தில் நின்று, நீ யார் என்று எனக்கு நெடுநாளாகத் தெரியும் என்று அவர் பீட்டரிடம் சொல்கிறார். கோபமில்லை, குற்றச்சாட்டு இல்லை. இத்தனை ஆண்டுகள் அவன் மறைத்ததை மன்னித்து, அவனைப் பற்றிய பெருமையையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார். பிறகு வீட்டில், கட்டிலில், பீட்டர் பக்கத்தில் இருக்கும்போது மூச்சு அடங்குகிறது. என் தாயார் மறைந்த ஆண்டில் அந்த இதழ் என் கைக்கு வந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சொன்னது எதுவும் மனத்தில் நிற்கவில்லை. அந்தப் பக்கங்கள் நின்றன. அம்மாவிடம் சொல்லாமல் விட்டவை அவளுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கும் என்ற நிம்மதி எனக்கு அங்கே கிடைத்தது. படக்கதையில் போய் ஆறுதல் தேடுவதா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

1998 இல் என்ன செய்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். இறந்தது ஆன்ட் மே அல்லவாம். பீட்டரின் எதிரி நார்மன் ஆஸ்பார்ன் ஏற்பாடு செய்த, உருவம் மாற்றப்பட்ட ஒரு நடிகையாம். அந்த மேல்தளப் பேச்சு, மன்னிப்பு, கட்டிலருகே கண்ணீர் எல்லாம் யாரோ ஒரு நடிகையோடு நடந்தவை ஆயின. ஒரு கதையை மறப்பது வேறு. படித்தவனிடம் போய், நீ அழுதது பொய்க்கு என்று சொல்வது வேறு.

அதோடு விட்டார்களா? 2007 இல் அதே ஆன்ட் மே துப்பாக்கிக் குண்டு பட்டு மரணப்படுக்கையில் கிடக்கிறார். அவரைப் பிழைக்க வைக்கப் பீட்டரும் மேரி ஜேனும் மெஃபிஸ்டோ என்ற தீய சக்தியிடம் தங்கள் திருமணத்தையே விலையாகக் கொடுக்கிறார்கள். யாருடைய நினைவிலும் இல்லாதபடி அந்தத் திருமணம் துடைக்கப்படுகிறது. அதை எழுதிய ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கியே அந்த முடிவில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அவருக்கே இல்லாத உடன்பாட்டை எங்களிடம் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? ஆன்ட் மேவுக்கு 1995 இல் ஒரு கௌரவமான மரணம் கிடைத்திருந்தது. முதலில் அதைப் பிடுங்கினார்கள். பிறகு, அந்த மரணம் மறுபடி நேராமல் தடுக்க என்று சொல்லித் திருமணத்தைப் பிடுங்கினார்கள். முதல் முடிவை மதித்திருந்தால் இரண்டாவது அநியாயத்துக்கு இடமே இருந்திருக்காது. முடிவு கேட்பது ஏன் என்று உங்கள் கட்டுரையாளர் என்னைக் கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மற்ற நாயகர்களின் கதியும் இதுதான். 1988 இல், பேட்மேனின் துணையாக வரும் ராபின்களில் இரண்டாமவனான ஜேசன் டாட் வாழ்வதா சாவதா என்று தொலைபேசி வாக்கெடுப்பு நடத்தினார்கள். சாகட்டும் என்று 5,343 அழைப்புகள், வாழட்டும் என்று 5,271. வெறும் 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு பையனைக் கொன்றார்கள். ஒவ்வோர் அழைப்புக்கும் வாசகர்கள் காசு கொடுத்தார்கள். 2005 இல் அவனை எழுப்பிக் கொண்டுவந்தபோது அந்த வாக்குகளுக்கு என்ன மதிப்பு? 1992 இல் சூப்பர்மேன் இறந்த இதழைக் கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் சேர்த்து விற்றார்கள். மறு ஆண்டே அவர் திரும்பிவிட்டார். இப்படிப் பழக்கிய பிறகு, வாசகன் எந்த மரணத்துக்கும் அசைவதில்லை என்று எழுத்தாளர்கள் குறைபட்டுக்கொள்வது பொருந்தாது.

விற்கிற நாயகனை எந்த நிறுவனமும் மூட்டை கட்டிவைக்காது என்பது எனக்கும் தெரியும். நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கதையை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள் என்கிறேன். செய்ய முடியாத காரியமா இது? 1986 இல் செய்தார்களே! பழைய சூப்பர்மேனுக்கு ஆலன் மூர் இரண்டே இதழ்களில் விடை கொடுத்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சூப்பர்மேனை வரைந்த கர்ட் ஸ்வான்தான் அதற்கும் ஓவியம். அதே ஆண்டில் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாகத் தொடங்கினார். பழையதைப் படித்தவர்களுக்கு நிறைவு, புதிதாக வருகிறவர்களுக்கு வாசல். ராபர்ட் கிர்க்மேனின் இன்வின்சிபிள் என்ற நாயகத் தொடர் 144 இதழ்களோடு 2018 இல் முடிந்தது. முடிந்த பிறகும் படிக்கிறார்கள். நாம் வேதாளர் என்று அறிந்த நாயகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1936 இல் லீ ஃபாக் தொடங்கிய அந்தத் தொடரின் அடிப்படையே தந்தை இறந்தால் மகன் முகமூடி அணிவது என்பதுதான். 1977 இல் அவருக்கும் டயானாவுக்கும் திருமணம் நடந்தது, இரட்டைக் குழந்தைகள் பிறந்தார்கள், குழந்தைகள் வளர்ந்தார்கள். எந்தத் தீய சக்தியும் வந்து அந்தக் குடும்பத்தைத் துடைக்கவில்லை.

திருமணமானவன் என்றால் இளைஞர்கள் படிக்கமாட்டார்கள் என்ற பழைய வாதமும் நிற்கவில்லை. 2024 இல் ஜானதன் ஹிக்மேன், மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள பீட்டரை எழுதினார். முதல் இதழைப் பலமுறை மறுபதிப்புச் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் அது வேறோர் உலகத்தில் நடக்கும் கதை. நாங்கள் உடன் வளர்ந்த பீட்டருக்கு அந்த வாழ்க்கை இன்னும் மறுக்கப்பட்டே இருக்கிறது.

ஆலன் மூரின் அந்த 1986 சூப்பர்மேன் கதையைப் பற்றி முன்பே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். ஓவியத்தைப் பாராட்டிய இரண்டு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். முடிவு ஏன் தேவை என்ற பகுதி முழுவதும் நீங்கிவிட்டது. இடமின்மை காரணமாக இருக்கலாம் என்று அப்போது பேசாமல் இருந்துவிட்டேன். அதே கருத்தைக் கொண்டவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல இப்போது உங்கள் பக்கங்களில் இடம் கிடைத்திருப்பது வருத்தமாக இருக்கிறது.

நான் கேட்பது சிறிய உதவிதான். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில், பீட்டரின் வாழ்க்கை நிகழ்வுகள் 1973 இலிருந்து நேரே 2008 க்குத் தாவுகின்றன. 1987 திருமணமும் 1995 மரணமும் அதில் இல்லை. பின்னால் மாற்றி எழுதப்பட்டாலும் அவை அச்சில் வந்தவை, நாங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தவை. அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது அந்த இரண்டையும் சேர்த்துத் திருத்தம் வெளியிடுங்கள். இனி வரும் நாயகர் கட்டுரைகளில் ஒவ்வொரு நிகழ்வுக்கும் இதழ் எண்ணும் ஆண்டும் கொடுத்தால் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் தேடிப் பிடிக்க வசதியாக இருக்கும். இந்தக் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், ஆன்ட் மே பற்றிய பகுதியை மட்டும் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்