இம்பர் தெருவைத் திறந்து விடுங்கள்

பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோருக்கு,

வணக்கம். வில்ட்ஷயரில், சாலிஸ்பரிச் சமவெளியின் நடுவே இராணுவப் பயிற்சிக் களமாக உங்கள் பொறுப்பில் இருக்கும் இம்பர் என்ற ஊரைப் பற்றி எழுதுகிறேன். 1943 டிசம்பருக்குப் பிறகு அங்கே குடியிருப்பு கிடையாது. ஊரைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அதைக் கேட்டவர்கள் கேட்டுக் களைத்து, பெரும்பாலும் காலமாகியும் விட்டார்கள். டோர்செட்டில் இதேபோல் காலி செய்யப்பட்ட டைனம் ஊரை மக்கள் பார்க்க நீங்கள் திறந்துவிடும் நாட்களில் பாதியையாவது இம்பருக்கும் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இம்பர் எப்போதுமே ஒதுங்கிய ஊர். எந்தப் பட்டணத்துக்கும் ஏழு மைல் என்று அந்த ஊர்க்காரர்களே பாட்டுக் கட்டிப் பாடினார்கள். ஓர் ஓடை, அதன் கரையோடு நீண்ட ஒரே தெரு, மேட்டில் புனித கைல்ஸ் தேவாலயம், பாப்டிஸ்ட் சபைக்கு ஒரு சிற்றாலயம், பெல் என்ற மதுக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கொல்லுப்பட்டறை. மற்றதெல்லாம் செம்மறியும் கோதுமையும். 1851இல் 440 பேர் இருந்தார்கள். 1931இல் 152 பேர். இயந்திரங்கள் வந்து கூலிவேலை குறைந்ததால் தேய்ந்த ஊர்தான் அது, சொர்க்கமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊராக இருந்தது. 1839 அக்டோபரில் மாத்யூ டீன் என்ற இம்பர் விவசாயி டிவைஸஸ் சந்தையிலிருந்து வீடு திரும்பும்போது நான்கு வழிப்பறிக்காரர்கள் மறித்துப் பணத்தைப் பறித்தார்கள். டீன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மணிக்கணக்காகத் துரத்தினார். ஒருவன் ஓடிய ஓட்டத்திலேயே விழுந்து செத்தான். மற்ற மூவரும் பிடிபட்டு நாடுகடத்தப்பட்டார்கள். அதற்கு நினைவுக்கல் கூட நட்டார்கள். திருடனுக்குக் கல் இருக்கிற நாட்டில், ஊரை விட்டுக்கொடுத்தவர்களின் கதையைச் சொல்ல இன்னும் கொஞ்சம் இடம் இருக்கக்கூடாதா?

1943 நவம்பர் 1ஆம் தேதி ஊராரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார்கள். ஐரோப்பாவில் இறங்கப்போகும் அமெரிக்கப் படைகளுக்குப் பயிற்சி நிலம் வேண்டும், 47 நாளில் காலி செய்யுங்கள் என்றார்கள். பெரிதாக யாரும் எதிர்க்கவில்லை, போர் நடந்துகொண்டிருந்தது. பட்டறைக் கொல்லர் ஆல்பர்ட் நாஷ் பட்டடை மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார் என்று சொல்வார்கள். வெளியேறிய சில வாரங்களில் அவர் இறந்தார். உடல் மட்டும் இம்பருக்குத் திரும்பியது.

போர் முடிந்ததும் திரும்பலாம் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவே ஊரார் நம்பினார்கள். எழுத்தில் அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1920களின் இறுதியிலிருந்தே அங்குள்ள நிலத்தையும் வீடுகளையும் உங்கள் முன்னோடியான போர்த்துறை ஒவ்வொன்றாக வாங்கிவிட்டிருந்தது. வீட்டுக்காரரே வந்து எழும்பச் சொல்லும்போது, எந்தக் குடித்தனக்காரர் கையெழுத்துக் கேட்பார்? ஊரைத் திருப்பித் தரக் கேட்டு 1961 ஜனவரியில் ஆஸ்டின் அண்டர்வுட் என்பவர் முன்னின்று நடத்திய பேரணியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊருக்குள் வந்தார்கள். அதன்பின் நடந்த விசாரணை இராணுவத்தின் பக்கமே முடிந்தது. தேவாலயம் மட்டும் காப்பாற்றப்பட்டது. பிறகு தெருச்சண்டைப் பயிற்சிக்காக 1970களில் நீங்கள் கட்டிய கண்ணாடியில்லாத மொட்டைக் கட்டடங்களைத்தான் இப்போது வருகிறவர்கள் இம்பர் என்று படம் பிடித்துப் போகிறார்கள்.

இதில் உனக்கென்ன என்று கேட்கலாம். இந்த நாட்டில் வரி கட்டுகிறேன் என்பது ஒரு பதில். 1990இல் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பம் எங்களது என்பது இன்னொன்று. ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாகி, கோயிலுக்கு அனுமதி வாங்கிப் போவதென்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்றல்ல, தெரியும். இம்பரில் குண்டு விழுந்து யாரும் ஓடவில்லை.

டைனமுக்கு வருவோம். அதையும் அதே 1943 டிசம்பரில்தான் காலி செய்தார்கள். ஒருநாள் திரும்பி வருவோம், வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தேவாலயக் கதவில் எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். அவர்களும் திரும்பவில்லை. ஆனால் அங்கே பெரும்பாலான வார இறுதிகளில் யாரும் போய் நடக்கலாம். பள்ளிக்கூடத்தையும் தேவாலயத்தையும் கண்காட்சியாக வைத்திருக்கிறீர்கள். அதுவும் சுடும் களம்தான். வார நாளில் சுடுகிறீர்கள், வார இறுதியில் வாயிலைத் திறக்கிறீர்கள். அதற்காக உங்களை மனமாரப் பாராட்டுகிறேன்.

இம்பரிலோ ஆண்டில் விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். கோடையில் ஒரு சனிக்கிழமை வார்மின்ஸ்டரிலிருந்து ரூட்மாஸ்டர் என்ற பழைய சிவப்பு லண்டன் மாடி பஸ்கள் ஓடும். 2009இல் பஸ் பிரியர்கள் தொடங்கிய வேலை அது. கூட்டம் அலைமோதும். அன்றைக்குப் பஸ்ஸைப் பார்க்க வருகிறவர்கள் பாதி, ஊரைப் பார்க்க வருகிறவர்கள் பாதி. பிள்ளைகளோடு நிதானமாக நடந்து, தேவாலயச் சுவரில் 17ஆம் நூற்றாண்டில் தீட்டிய மணியடிக்கும் வரிசையைப் படிக்க அவகாசம் கிடைக்காது.

வெடிக்காத குண்டுகள் இருக்கின்றன என்பீர்கள். சமவெளியில் இருக்கின்றன, மறுக்கவில்லை. நான் கேட்பது சமவெளியை அல்ல. திறக்கும் நாட்களில் நீங்களே மக்களை நடக்க விடுகிற அதே சாலை, அதே தேவாலய வளவு. அங்கே புதிதாகத் துப்புரவு செய்ய என்ன இருக்கிறது? பயிற்சி அட்டவணை நெருக்கம் என்றால், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கூடவே, எந்த வீடு எங்கே நின்றது, யார் இருந்தார்கள் என்று தெருவோரம் பலகைகள் வையுங்கள். பள்ளிக்கூடத்தில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும். திரும்பலாம் என்று ஊரார் நம்பினார்கள் என்பதை அதில் மழுப்பாமல் எழுதுங்கள். தேவாலயத்தைப் பராமரிக்கும் அறக்கட்டளையையும், வெளியேறியவர்களின் பிள்ளைகளையும் அழைத்துப் பேசிச் செய்யுங்கள். செலவு பெரிதாக வராது. அடுத்த ஆண்டுக்கான அட்டவணையைத் தயாரிக்கும்போது இதைப் பரிசீலித்து, முடியும் அல்லது முடியாது என்று காரணத்தோடு பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
பிரித்தானியாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தார்