தளிர் பார்த்த ஆசிரியருக்கு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களுக்கு,

ஐயா, வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவன். நீங்கள் மறைந்தது 1876இல். இந்தக் கடிதம் உங்களிடம் வந்து சேராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

1871இல் மாயூரத்தில் உங்களிடம் ஒரு பையன் வந்து சேர்ந்தான். வயது பதினாறு. வேங்கடராமன் என்ற பெயர் உங்களுக்கு ஏனோ பிடிக்கவில்லை. வீட்டில் ‘சாமா’ என்று கூப்பிடுவார்கள் என்றதும் சாமிநாதன் ஆக்கிவிட்டீர்கள். (இன்றைக்கு வருகைப் பதிவேட்டில் ஓர் எழுத்தை மாற்றுவதற்குள் எங்களுக்கு ஒரு பருவமே ஓடிவிடும்.) முதலில் மூத்த மாணவரான சவேரிநாத பிள்ளையிடம்தான் அவனைப் பாடம் கேட்க வைத்தீர்கள். அவனுக்கோ உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்று ஏக்கம். அதைச் சொல்லத் துணிச்சல் இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் புதிதாக நட்டிருந்த மரஞ்செடிகள் துளிர்விட்டனவா என்று காலையில் சுற்றிப் பார்ப்பீர்கள். அதைக் கவனித்த பையன் உங்களுக்கு முன்பே எழுந்து தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு, “இதோ, இங்கே ஒன்று” என்று காட்டத் தொடங்கினான். உங்கள் முகம் மலர்ந்தது. அந்தத் தோட்டத்து நெருக்கத்தில்தான் உங்களிடமே பாடம் கேட்கும் தைரியம் அவனுக்கு வந்தது. பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் உ. வே. சாமிநாதையர் இதை எழுதியபோது, தாம் செய்த தந்திரம் பலித்ததுபோலத்தான் சொல்கிறார்.

எனக்கு ஒரு சந்தேகம். தினமும் சுற்றிவரும் உங்களுக்கா அந்தத் தளிர்கள் கண்ணில் படாமல் போயிருக்கும்? பையன் காட்டட்டும் என்று காத்திருந்தீர்களோ?

எல்லாவற்றிலும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவன் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதம் கற்றுக்கொண்டிருந்தான். சங்கீதத்தில் மனம் போனால் இலக்கணத்தில் புத்தி செல்லாது என்றீர்கள், அவனும் நிறுத்திவிட்டான். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் கையில் காசு இல்லாத காலத்திலும் வந்தவர்களுக்குச் சோறு போட்டுச் சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னவரை அதிகம் குறை சொல்லவும் வாய் வரவில்லை. நாகூர் குலாம் காதிறு நாவலரும் உங்கள் மாணவர்தானே.

நீங்கள் போய் நான்கு ஆண்டுகள் கழித்து, 1880இல், உங்கள் மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். தம் இடத்துக்குச் சாமிநாதையர்தான் வர வேண்டும் என்று பரிந்துரைத்து அமர்த்தினார். ஒரே ஆசிரியரிடம் படித்தவர்களைக் குறிக்கும் ‘ஒருசாலை மாணாக்கர்கள்’ என்ற சொல்லுக்கு அன்றைக்கு எவ்வளவு கனம் இருந்திருக்கிறது! அந்த வேலையில் இருந்தபடிதான் அவர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார்.

இதையெல்லாம் எழுதக் காரணம், என் வகுப்பில் வாயே திறக்காத ஒருவன். வாசிக்கச் சொன்னால் தலை கவிழ்ந்துகொள்வான். போன வாரம் மாலை என் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று, “சார், பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது” என்றான். நான் காலையிலேயே பார்த்ததுதான். “அப்படியா? நல்லவேளை சொன்னாய்” என்றேன்.

மறுநாளும் வந்து சக்கரத்தை அழுத்திப் பார்த்தான். அதற்கு அடுத்த நாள் வந்தபோது அவன் கையில் தமிழ்ப் புத்தகம் இருந்தது.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியன்