ரோட்ஸ் தீவில் 42 நாட்கள்: வெளியுறவுப் பணியில் சேரும் மாணவிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

வெளியுறவுப் பணிக்குத் தேர்வான செய்தியைச் சொல்ல வீட்டுக்கு வந்த அன்று, புறப்படும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாய். எப்படியும் உடைந்துபோகிற சமாதான ஒப்பந்தங்களுக்காக ஒருவர் தம் வாழ்நாளைச் செலவிடுவதில் என்ன பயன் என்றாய். வாசலில் நின்றபடி சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. நீ போன பிறகு என் நினைவில் வந்து நின்றவர், 1949இல் அரபு–இஸ்ரேல் போர்நிறுத்தப் பேச்சை நடத்திய ஐ.நா. நடுவர் ரால்ஃப் பன்ச். அவரைப் பற்றி வகுப்பில் உங்களுக்கு இரண்டு வரிக்கு மேல் சொல்லாமல் விட்டேன் என்ற குறையையும் இந்தக் கடிதத்தில் தீர்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்து, பதின்ம வயதில் தாயை இழந்து, லாஸ் ஏஞ்சலிஸில் பாட்டி லூசி ஜான்சனிடம் வளர்ந்தவர் அவர். பள்ளிப் படிப்பை முதல் மாணவராக முடித்தபோது, ரால்ஃபைக் கறுப்பினப் பிள்ளையாகவே தாங்கள் எண்ணியதில்லை என்று தலைமையாசிரியர் பாராட்டுவதாக நினைத்துச் சொல்ல, அது தம் பேரனுக்கும் தம் மக்களுக்கும் செய்யும் அவமதிப்பு என்று அந்த மூதாட்டி முகத்துக்கு நேராகவே பதில் சொன்னாராம். பாராட்டுக்குள் இருக்கும் இழிவைக்கூட அடையாளம் காணும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, பிற்காலத்தில் பகைவர்கள் இருவரின் மனக்குறையையும் பொறுமையோடு கேட்டதில் எனக்கு வியப்பில்லை. 1934இல் ஹார்வர்டில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே.

1948இல் இஸ்ரேல் உருவானதும் அண்டை அரபு நாடுகளோடு போர் மூண்டது. ஐ.நா.வின் நடுவராகச் சென்ற சுவீடன் நாட்டு ஃபோல்கே பெர்னடாட்டுக்குத் துணையாகப் பணியாற்றியவர் பன்ச். செப்டம்பர் 17 அன்று ஜெருசலேமில் லெஹி என்ற யூதத் தீவிரவாதக் குழு பெர்னடாட்டைச் சுட்டுக் கொன்றது. அந்தக் காரில் பன்ச்சும் இருந்திருக்க வேண்டும். பயணத்தில் நேர்ந்த தாமதம் அவரைக் காப்பாற்றியது. கொல்லப்பட்டவரின் பொறுப்பை அவரே ஏற்றார்.

1949 ஜனவரி 13 அன்று கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில், ஹோட்டல் தே ரோஸ் என்ற விடுதியில், எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் இடையே பேச்சு தொடங்கியது. நீ கவனிக்க வேண்டியது அவர் தொடங்கிய விதத்தை. எல்லை எது, எந்தப் படை எங்கே நிற்பது என்பதை முதலில் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தரப்பையும் தனியாகச் சந்தித்தார். பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, எதை முதலில் பேசுவது, எதைப் பிறகு பேசுவது என்ற நிகழ்ச்சி நிரலுக்கு மட்டும் ஒப்புதல் கேட்டார். அற்பமாகத் தோன்றும் அந்த விஷயங்களுக்கும் முறையாகச் சம்மதம் பெற்றதற்கு ஒரு காரணம் இருந்தது. சிறியவற்றில் கையெழுத்திட்டுப் பழகிய கை, பெரியதில் கையெழுத்திடும்போது அவ்வளவு தயங்காது என்று அவர் நம்பினார். அரசுப் பணியில் நீ எத்தனையோ நிரல்களைத் தட்டச்சு செய்து கொடுக்கப் போகிறாய். அந்த ஒற்றைத் தாளை அவர் எவ்வளவு மதித்தார் என்பதை மறந்துவிடாதே.

பேச்சு நீண்டுகொண்டிருந்த நாட்களில் அவர் ரோட்ஸின் குயவர்களிடம், பேச்சுவார்த்தையின் பெயர் பொறித்த வண்ணப் பீங்கான் தட்டுகளைச் செய்யச் சொல்லியிருந்தார். அவற்றைப் பிரதிநிதிகளிடம் காட்டி, உடன்பாடு ஏற்பட்டால் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துப் போகலாம், ஏற்படாவிட்டால் உங்கள் தலையிலேயே உடைப்பேன் என்றாராம். தட்டுகள் உடையவில்லை. 42 நாட்களுக்குப் பிறகு, பிப்ரவரி 24 அன்று, இரு தரப்பும் கையெழுத்திட்டன. அதே ஆண்டில் லெபனான், ஜோர்டான், சிரியா ஆகிய நாடுகளோடும் இஸ்ரேலுக்குப் போர்நிறுத்த ஒப்பந்தங்கள் ஆயின. 1950இல் நோபல் அமைதிப் பரிசு பன்ச்சுக்கு வந்தது. ஐ.நா. செயலகத்தில் வேலை செய்பவன் பரிசுக்காக அமைதியைத் தேடுவதில்லை என்று அவர் ஏற்கத் தயங்க, ஐ.நா. பொதுச் செயலாளர் வற்புறுத்தி ஏற்கவைத்தார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பாலஸ்தீனத்தின் ஃபலுஜா என்ற ஊரில் சுமார் 4,000 எகிப்திய வீரர்கள் மாதக்கணக்கில் இஸ்ரேலின் முற்றுகையில் சிக்கியிருந்தார்கள். ஒப்பந்தத்தின் பயனாக அவர்கள் ஆயுதங்களோடு, மானத்தோடு நாடு திரும்பினார்கள். ஆனால் அந்த ஊரின் அரபு மக்கள் பாதுகாக்கப்படுவார்கள் என்று எழுத்தில் உறுதி தரப்பட்டிருந்தும், சில வாரங்களிலேயே அச்சுறுத்தல் தாங்காமல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். போரில் ஊரிழந்த பல லட்சம் பாலஸ்தீனர்களின் கேள்விக்கும் ரோட்ஸில் விடை கிடைக்கவில்லை. இதை நான் உன்னிடம் மறைத்தால் ஆசிரியன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை.

ஃபலுஜாவிலிருந்து திரும்பிய அதிகாரிகளில் ஒருவர் கமால் அப்துல் நாசர். 1956இல் அவர் எகிப்தின் அதிபர். இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கிய சூயஸ் போர் வந்தது. ஐ.நா.வின் முதல் அமைதிப் படையைச் சில நாட்களுக்குள் திரட்டி அனுப்பும் வேலை பன்ச்சின் மேசைக்கு வந்தது. தனி அடையாளத்துக்கு நேரம் இல்லாததால் அமெரிக்கத் தலைக்கவசங்களுக்கு நீல வண்ணம் பூசி அனுப்பினார்கள். நம் நாட்டு வீரர்களும் அந்தப் படையில் இருந்தார்கள். 1967 மே மாதம் அதே நாசர் படையை வெளியேறச் சொன்னார். ஜூன் 5 அன்று இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே மீண்டும் போர் வெடித்தது. நீரிழிவால் கண் பார்வை மங்கிக்கொண்டிருந்த பன்ச், தாம் கட்டியது சரிவதைத் தம் அலுவலகத்திலிருந்தே பார்த்தார். 1971 டிசம்பரில் காலமானார்.

உடைந்தது உண்மைதான். ஆனால் நீலக் கவசம் அணிந்தவர்கள் காசா எல்லையில் நின்ற பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தை என்னால் கணக்கில் எடுக்காமல் விட முடியவில்லை. 1957இல் அங்கே பிறந்த ஒரு குழந்தை, போர் என்றால் என்னவென்று தெரியாமலே பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது. உன் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் அந்தக் குழந்தை மட்டுமே.

எகிப்து–இஸ்ரேல் ஒப்பந்தத்தில் 12 பிரிவுகள்தான். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். ஐந்தாம் பிரிவில், போர்நிறுத்தக் கோட்டை எவ்வகையிலும் அரசியல் எல்லையாகக் கொள்ளக்கூடாது என்று எழுதியிருப்பார்கள். இரு தரப்பும் தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்காமலே கையெழுத்திட வழிவிட்ட சொற்கள் அவை. பயிற்சிக்குப் போகுமுன் முழுவதையும் படி. எந்த வாக்கியத்தை எழுதத்தான் அவர்களுக்கு அதிக நாள் பிடித்திருக்கும் என்று உனக்குத் தோன்றுகிறதோ, அதைப் பொங்கலுக்கு வரும்போது என்னிடம் சொல்.

அன்புடன்,
உன் வரலாற்று ஆசிரியர்