அடைப்பு திறக்காத பிறகும் உடன் நின்றவர்களுக்கு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. நன்றி சொல்ல இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுபோன அன்று கோத்தகிரியிலிருந்து எங்களைக் கூட்டிப்போன 108 ஊழியர்களுக்கு முதல் நன்றி. "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" என்று கேட்டு எழுதிக்கொண்ட தம்பி, வண்டி மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் கோயம்புத்தூர் மருத்துவமனைக்குத் தகவல் சொல்லிவிட்டார். மூடுபனியில் வளைவுகளை நிதானமாகக் கடந்து வண்டி ஓட்டிய பைலட் அண்ணனை அம்மா இன்றும் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி ரத்தக்கட்டியை எடுக்கத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். வரவில்லை. டாக்டர் வெளியே வந்து, "அடைப்பைத் திறக்க முடியவில்லை" என்று நேராகச் சொன்னார். இந்தச் சிகிச்சையின் பலனை நிலைநாட்டிய, 2015-இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தாலும் பத்தில் ஏழு பேருக்குத்தான் அடைபட்ட ரத்தக்குழாய் நன்றாகத் திறந்ததாம். திறக்காதவர்களில் பலருக்கு உயிராபத்து உண்டு, பிழைத்தாலும் பிறர் துணை தேவைப்படலாம், ஆனால் ஓரளவு தேறுகிறவர்களும் இருக்கிறார்கள் என்றார். நாங்கள் அழுது முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். ஐயா, பொய் நம்பிக்கை தராததற்கு நன்றி. வீட்டை எப்படி மாற்றுவது, யார் வேலையை விடுவது என்று அன்றே எங்களால் பேச முடிந்தது.

வார்டு நர்ஸ் அக்காக்களே, விழுங்க முடிகிறதா என்று பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. மூக்குக்குழாயில் கஞ்சி ஊற்றவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடவும், விழுந்த கையைப் பிடித்து இழுக்காமல் தூக்கவும் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான்.

அப்புறம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வரும் பிசியோதெரபி சகோதரி. பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று வந்தவர்களுக்குத்தான் தெரியும். மழையிலும் வந்தார். முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகு மெதுவாகும், ஆனால் நின்றுவிடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பா சாப்பாட்டையும் பயிற்சியையும் தள்ளியபோது அது பிடிவாதம் இல்லை, பக்கவாதத்துக்குப் பின் பலருக்கும் வரும் மனச்சோர்வு என்று கண்டுபிடித்து டாக்டரிடம் அனுப்பியதும் அவரே. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் அப்பா மறுபடி எங்கள் முகத்தைப் பார்த்தார்.

படி நெடுக இரும்புக் குழாயில் கைப்பிடி போட்டுத் தந்த பக்கத்து வீட்டுத் தம்பிகளுக்கும், எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்து ஃபேக்டரியில் சேர்த்த அக்காக்களுக்கும், சாயங்காலம் வந்து பச்சை இலை விலையை அப்பாவிடம் சத்தமாகச் சொல்லும் பெரியப்பாவுக்கும் எப்படி நன்றி சொல்வது! அப்பாவுக்குப் பேச வரவில்லையே தவிர, சொல்வது பெரும்பாலும் புரியும். அதைப் புரிந்துகொண்டு அவரை ஊர்ப் பேச்சில் சேர்த்துக்கொண்டீர்கள்.

வலது கை திரும்பவில்லை. குளிக்க இன்னும் ஆள் வேண்டும். நாலு கால் ஊன்றுகோலோடு திண்ணை வரை நடக்கிறார். "இலை", "போதும்", அம்மாவின் பெயர், இன்னும் சில சொற்கள் வருகின்றன. இதே நிலையில் யாராவது வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால், கூச்சப்படாமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். புரட்டிவிடுவதையும் கஞ்சி ஊற்றுவதையும் நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
குடும்பத்தார் சார்பில், மகள்
கோத்தகிரி