ஹெட்டை ஏற்றுவதற்கு முன்னால், மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஜீப் எஞ்சினின் ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக உட்காரும் பகுதியை, கழற்றிவிட்டு நீ அனுப்பிய போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்முகத்தில் பழைய கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) துணுக்கு ஒன்றுகூட இல்லை. சிலிண்டரின் உள் உறையான லைனரிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஹெட் போல்ட் ஓட்டைகள் மட்டும் உள்ளே கருப்பாகவே இருக்கின்றன. காபி பறிப்பு தொடங்குவதற்குள் ஜீப் வேண்டும் என்று எஸ்டேட்டில் நெருக்குவது தெரியும். இருந்தாலும் அந்த ஓட்டைகளுக்கு அரை நாள் ஒதுக்கு. உன் வயதில் பட்டறை வைத்திருக்கும் பல பிள்ளைகள் இதே இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். அதனால்தான் போனில் சொல்லாமல் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டதாகச் சொன்னாய், சந்தோஷம். ஆனால் போல்ட்டைத் திருப்ப எவ்வளவு பலம் பிடிக்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கும். ஹெட்டை பிளாக்கோடு எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. நாம் கொடுக்கும் பலத்தில் சுமார் 50 சதவீதம் போல்ட் தலைக்கு அடியில் உரசியே போய்விடும். இன்னொரு 40 சதவீதம் மரையில், அதாவது போல்ட்டின் சுருள் வரியில், போகும். மிச்சம் இருக்கும் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அழுத்துகிறது. கரியும் துருவும் மரையில் இருந்தால் உரசல் கூடும். கூடுகிற பங்கு அந்தப் பத்திலிருந்துதான் கழியும். குறித்த பலம் வந்ததும் ரெஞ்ச் எல்லா போல்ட்டிலும் ஒரே மாதிரி 'டிக்' என்று சொல்லும். ஆனால் ஒன்று நன்றாகப் பிடித்திருக்கும், பக்கத்தில் இருப்பது பாதிதான் பிடித்திருக்கும்.

சமதளத்தில் ஓடும் வண்டி இதைக் கொஞ்ச நாள் தாங்கும். உன் ஜீப் அப்படியா? அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவையும் மூட்டையோடு சின்ன கியரில் ஏற வேண்டிய வண்டி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் எஞ்சினில் தண்ணீர் தாக்குப்பிடிக்கிறது. கேஸ்கெட் கசிந்து எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுந்தால், மலை ஏறி முடிப்பதற்குள் ரேடியேட்டர் தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். அடி மூடிய ஓட்டைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கும். ஹெட்டைக் கழற்றும்போது வாட்டர் ஜாக்கெட்டில் (சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறையில்) இருந்த தண்ணீர் நேராக அதற்குள்தான் வடியும். அதன்மேல் போல்ட்டைப் போட்டு இறுக்கினால், முனையை அடைத்த சிரிஞ்சை அழுத்துவது மாதிரிதான். தண்ணீரை அமுக்கிச் சிறிதாக்க முடியாது, அது போக வழியும் இருக்காது. அந்த அழுத்தத்தில் வார்ப்பிரும்பு பிளாக்கே விரிசல் விடும். கொண்டலாம்பட்டிப் பட்டறைக்கு ஒரு டிராக்டர் பிளாக் அப்படித்தான் வந்தது. போல்ட் ஓட்டையின் அடியிலிருந்து வாட்டர் ஜாக்கெட் வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு. டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் சிலிண்டர், ஆயில் வழி, தண்ணீர் வழி எல்லாவற்றையும் சுத்தமான துணியால் அடை. பிறகு ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு ஓட்டையிலும் அடிவரை விட்டு, மேல்முகத்துக்கு நேராகக் கம்பியில் கோடு போட்டுக்கொள். ஒரே நீள போல்ட் போகிற ஓட்டைகளில் ஒன்று மட்டும் ஆழம் குறைந்து தெரிந்தால், பெரும்பாலும் அடியில் அழுக்கு கெட்டிப்பட்டிருக்கிறது.

மரையைத் துடைக்க, புது மரை வெட்டுகிற டேப்பை எடுக்காதே. இதை அழுத்திச் சொல்கிறேன். அது அழுக்கோடு நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சீவிவிடும், மரை லூசாகிவிடும். மரையைச் சுத்தம் செய்வதற்கென்றே சேஸர் கிடைக்கிறது. இல்லையென்றால் நீட்சி வாங்காத பழைய ஹெட் போல்ட் ஒன்றில், மரைப் பகுதியில் நீளவாக்கில் மூன்று நான்கு காடி (பள்ளக் கோடு) வெட்டி, பிசிறை அரம் போட்டு எடு. அழுக்கு அந்தக் காடிக்குள் வந்து சேரும். பிட்ச் என்பது மரையின் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உள்ள இடைவெளி; அதை அளக்கும் பிட்ச் கேஜ் வைத்துப் பார்க்காமல் எதையும் உள்ளே விடாதே. 10 மில்லி போல்ட்டிலேயே 1.25, 1.5 என்று வேறு வேறு பிட்ச் உண்டு. பழைய ஜீப் எஞ்சின் என்றால் அங்குல மரையாகவும் இருக்கலாம்.

சேஸரை ஓட்டையில் வைத்து முதலில் இடப்பக்கம் திருப்பு. 'டக்' என்று மரையில் உட்காருவது விரலுக்கே தெரியும். அதன்பிறகு வலப்பக்கம். கையால் மட்டும் திருப்பு. இறுகினால் பின்னால் எடுத்து, துடைத்து, திரும்பவும் போ.

பிறகு பிரேக் கிளீனர் அடித்து, மெல்லிய நாசில் வைத்து ஏர் பிடி. ஓட்டை வாயைத் துணியால் சுற்றிக்கொள், கண்ணாடி போடாமல் பிடிக்காதே. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றி அடிவரை விட்டு எடுத்தால் ஈரமும் கருப்பும் இல்லாமல் வர வேண்டும். உங்கள் ஊர் பனிமூட்டத்தில் துடைத்த இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். அன்றைக்கே ஹெட் ஏறாதென்றால் லேசாக ஆயில் தடவி மூடி வை.

மாட்டும்போது ஆயிலை ஓட்டைக்குள் ஊற்றாதே. மேனுவல் ஆயில் போடச் சொல்லியிருந்தால் போல்ட் மரையிலும் தலைக்கு அடியிலும் தடவி, வழிவதைத் துடைத்துவிட்டுப் போடு. வாட்டர் ஜாக்கெட்டுக்குள் திறக்கிற ஓட்டை இருந்தால் அந்த போல்ட்டுக்கு சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) வேண்டும். இத்தனை டிகிரி திருப்பு என்று மேனுவல் சொல்லும், கோணக் கணக்கில் இறுக்குகிற போல்ட் என்றால் புதுசு வாங்கிவிடு.

ஹெட் வைப்பதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் விரலாலேயே போட்டுப் பார். எது நடுவில் நிற்கிறதோ அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் சாக்பீஸால் குறி வைத்து எனக்குப் படம் அனுப்பு. மரை போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக ஓட்டைக்குள் பொருத்தும் கம்பிச் சுருள்) போட்டுக்கொள்ளலாம். செட் இங்கே பட்டறையில் இருக்கிறது, சாயங்கால பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
மாமா